தறப்பாளின் ஒரு மூலை

1996 ஓகஸ்டில் நானும் மனைவியும் மெசியாடின் ஏரிக்கரையில் கூடாரம் அடித்தபோது மழை தொடங்கி இரண்டு நாளாகியிருந்தது. பிரிட்டிஷ் கொலம்பியாவின் வடமேற்குக் காடு அது. கிற்வாங்காவிலிருந்து யூக்கொன் எல்லையைத் தாண்டி ஏறத்தாழ 725 கிலோமீற்றர் ஓடும் 37ஆம் இலக்க நெடுஞ்சாலை அப்போது பல இடங்களில் வெறும் கிறவல். பசிபிக்கின் ஈரக்காற்று கரையோர மலைகளில் ஏறிக் குளிர்ந்து இறக்கிவைக்கும் அந்த மழை, எங்கள் மாரிமழைபோல அடித்துப் பெய்துவிட்டு ஓய்வதில்லை. பொசிந்துகொண்டே இருக்கும்.

கூடாரத்துக்கு மேலே நீலத் தறப்பாள் ஒன்றை நான்கு மரங்களில் மட்டமாக இழுத்துக் கட்டினேன். நள்ளிரவில் அதன் நடுவில் தண்ணீர் தேங்கி, வயிறு தள்ளி, கயிறு அறுந்து, எல்லாம் எங்கள்மேல் விழுந்தது. விடியும்வரை காருக்குள் இருந்தோம், சாப்பாட்டுப் பெட்டியோடு. கரடி திரியும் இடத்தில் கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட்கூட வைத்திருக்கக் கூடாது.

அந்த இரவு முழுக்க அம்மாவைத்தான் நினைத்தேன். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி போருக்குத் தப்பி யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தை விட்டு மழையில் நடந்த லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். கிளாலி கடந்து வன்னிக்குப் போய், ஸ்கந்தபுரத்தில் தறப்பாளின் கீழ் இருப்பதாகக் கடிதம் வந்திருந்தது. லீவு எடுத்து, காசு செலவழித்து, நாங்கள் தறப்பாளின் கீழ் படுக்கப் போன கதையை நான் அவருக்கு எழுதவில்லை. எழுத முடியவில்லை.

2023இல், கனடாவுக்கு வந்திருந்த அம்மாவையும் அதே ஏரிக்குக் கூட்டிப் போனேன். இப்போது எங்களிடம் கூடாரம் இல்லை. காரின் பின்னால் கொளுவி இழுக்கும் சின்ன ட்ரெயிலர், போலர். 1968 முதல் வினிபெக்கில் செய்யப்பட்ட வகை. 13 அடி நீளம், பார்க்க முட்டைபோல. கண்ணாடியிழையில் வார்த்த மேலோடும் கீழோடும் சேர்ந்ததே அதன் உடம்பு. கூரையில் பொருத்து இல்லாததால் மழைநாட்டுக்கு ஏற்றது. ஆனால் தண்ணீர் உள்ளிருந்தும் வரும். மூன்று பேரின் மூச்சும் கேத்தல் ஆவியும் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்த்து ஒழுகும். எவ்வளவு குளிரானாலும் கூரைத் துவாரத்தையும் ஒரு யன்னலையும் விரலளவு திறந்துவைக்க வேண்டும். அம்மா குளிருக்குப் பயந்து அதை மூடுவார், நான் திறப்பேன்.

வீதி முழுக்கத் தார் போட்டாயிற்று. ஸ்டூவர்ட் ஊருக்கு இறங்கும் 37ஏ வீதியில் கரடிப் பனியாற்றைக் காட்ட நிறுத்தினேன். 1996இல் அதன் நீலநாக்கு ஏரித் தண்ணீருக்குள் நின்றதைப் பார்த்திருந்தேன். அதற்கும் முந்திய தலைமுறைக்கு அது பள்ளத்தாக்கையே மறித்துக் கிடந்த பனி. இப்போது ஏரி இருக்கிறது. பனி பின்வாங்கி மலைப்பாறையில் ஏறிவிட்டது. “எங்கை, உதோ?” என்று அம்மா கேட்டார். விரலை நீட்டிக் காட்ட வேண்டியிருந்தது. எனக்கு நெஞ்சு அடைத்தது. கூரையும் தார்வீதியும் எனக்குக் கிடைத்த அதே காலத்துக்குள் அது போயிருந்தது.

மெசியாடினில் மழை. வாசலுக்கு முன்னால் சமைக்க ஒரு தறப்பாள் கட்டினேன். கட்டும்போது கை தயங்கியது. அம்மா அதன் கீழ் இருக்க விரும்புவாரா என்று தெரியவில்லை. அவர் கதிரையைக் கொண்டுவந்து போட்டு அண்ணாந்து பார்த்தார்.

“என்ன தம்பி உப்பிடிக் கட்டியிருக்கிறாய்? தண்ணி எங்காலை போறது? ஒரு மூலையைப் பதிச்சுக் கட்டு.”

27 வருடங்களுக்கு முன் எழுதாததை அப்போது சொன்னேன். தறப்பாள் விழுந்தது, காருக்குள் இருந்தது, எழுதக் கூசியது, எல்லாம். அவர் கொஞ்ச நேரம் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எழுதியிருக்கலாம். கட்டுற விதத்தை அப்பவே சொல்லித் தந்திருப்பன்.”

பிறகு எழும்பி வந்து, முடிச்சை அவரே அவிழ்த்து ஒரு முழம் கீழே இறக்கிக் கட்டினார். தேங்கியிருந்த தண்ணீர் அந்த மூலைக்கு ஓடிவந்து சளசளவென்று விழுந்தது.

“வாளியைக் கொண்டா. வீணாப் போகுது.”

பத்தடியில் ஏரி கிடந்தது. நான் வாளியைக் கொண்டுபோய் வைத்தேன்.