குண்டாற்றங்கரையில் ஒரு பாய்மரப் படகு

சொந்தமாகப் பாய்மரப் படகு வாங்க நினைப்பவர்கள் கோவாவையும் கொச்சியையும் சுற்றுவது வீண் அலைச்சல். அதற்கு உகந்த ஊர் அருப்புக்கோட்டை.

படகின் முதல் எதிரி தண்ணீர். கடலில் மிதந்தால் அடிப்பாகத்தில் பாசியும் கொட்டலசும் ஒட்டும். கரையேற்றிச் சுரண்டி, அவை ஒட்டாத பெயின்ட் அடிக்க வேண்டும். உப்புநீர் உலோகத்தை அரிக்கும். அந்த அரிப்பைத் தாங்கிக்கொள்ளத் துத்தநாகக் கட்டி பொருத்தி, அது கரையக் கரைய மாற்ற வேண்டும். ஃபைபர் உடலில் நீர் ஊறினால் கொப்புளம் கிளம்பும். வைத்தியம்? வெளியே தூக்கி மாதக்கணக்கில் காயவைப்பது.

காயவைப்பதில் அருப்புக்கோட்டையை அடுத்த திருச்சுழி வட்டாரத்தை மிஞ்ச யார் உண்டு? வெள்ளம் வந்தால் செய்தியாகிவிடும் குண்டாறு. கோடையில் கிரிக்கெட் மைதானமாகும் கண்மாய். காசில்லாமல் கிடைக்கும் வெயில். அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் ஓய்வுபெற்ற விமானங்களை நிறுத்திவைப்பதும் இந்த வறட்சியை நம்பித்தான். பாய் கிழிந்தாலும் கவலையில்லை, அருப்புக்கோட்டை நெசவாளர்கள் ஊர்.

கடற்படையின் ‘தாரிணி’ படகில் புதுச்சேரி ரூபாவும் கேரளத்துத் தில்னாவும் 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து கிளம்பி, உலகைச் சுற்றிவிட்டு 2025 மே மாதம் திரும்பினார்கள். வீரம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் படகை நனைத்துவிட்டார்களே!

இங்கே ஒரே ஒரு அபாயம்: காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக் கால்வாய். தண்ணீர் வந்து தொலைத்தால் போட்ட முதல் பாழ். அடிக்கல் நாட்டியது 2021 பிப்ரவரியில். ஆகவே, தைரியமாக முன்பணம் கட்டலாம்.