சுரங்கம் பத்திரம்

வீட்டிலிருந்து வேலை செய்பவருக்கு ஆபீஸ் ஒரு விபிஎன் ரூட்டர் அனுப்பிவைக்கிறது. வீட்டுக்கும் ஆபீசுக்கும் நடுவே அது தோண்டும் சுரங்கத்துக்கு உள்ளே ஏஇஎஸ்-256 குறியாக்கம். உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து முட்டினாலும் உடையாதாம். அதே ரூட்டரின் வைஃபையில்தான் பையன் கேம் இறக்குகிறான், ஹாலில் டிவி சீரியல் ஓட்டுகிறது. ஆக, டிவியும் இப்போது கம்பெனி நெட்வொர்க்கில் இருக்கிறது. சம்பளம்தான் பாக்கி.

ஐடி பிரிவைக் கேட்டால் "சுரங்கம் பத்திரமா இருக்கு சார்" என்பார்கள். நிஜம்தான். 2021 ஏப்ரல் கடைசியில் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் நிறுவனத்துக்குள் புகுந்தவர்களும் சுரங்கத்தைத் தொடவில்லை. யாரும் பயன்படுத்தாத, ஆனால் யாரும் மூடாத ஒரு பழைய விபிஎன் கணக்கு. அதற்குப் பாஸ்வேர்டைப் போட்டு, வாசல் வழியாகவே மரியாதையாக வந்தார்கள். இரண்டாவது சரிபார்ப்பு கிடையாது. (நமக்கு கேஸ் சிலிண்டர் போடும் தம்பியே ஓடிபி கேட்கிறார்!) மே மாதம், கிழக்குக் கடற்கரைக்கு எரிபொருள் கொண்டுபோகும் குழாயை நிறுவனமே நிறுத்தியது, பங்க்குகளில் பெட்ரோலுக்கு வரிசை. புகுந்தவர்களுக்குக் கொடுத்த பணயத்தொகை 75 பிட்காயின், அன்றைக்குச் சுமார் 44 லட்சம் டாலர்.

செய்தியைப் படித்த ஆபீஸ்கள் சும்மா இருக்குமா? வேலையை விட்டுப்போனவர்களின் விபிஎன் கணக்குகளை உடனே மூடச் சொல்லி டிக்கெட் போட்டாயிற்று. அந்த டிக்கெட்டைப் பார்க்க வேண்டியவர் போன மாதமே வேலையை விட்டுப்போய்விட்டார்.