டெல்லிக் குளிருக்கு ஒரு கோட்டு போதுமா?

கேள்வி: வேலை கிடைத்து என் மகன் டெல்லிக்குப் போகிறான். ஜனவரிக் குளிருக்குக் கனத்த கோட்டு ஒன்று போதாதா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: போதாது, அம்மா. கோட்டு தெருவுக்குத்தான், டெல்லிக் குளிர் வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது. 2021 புத்தாண்டுக் காலையில் சஃப்தர்ஜங் வானிலை நிலையத்தில் பதிவானது 1.1 டிகிரி செல்சியஸ். ஆஸ்லோவில் குளிர் இதைவிடக் கடுமை. ஆனால் அங்கே சுவர் சூட்டைத் தேக்கும், அறைகளுக்கு வெப்ப வசதி உண்டு. டெல்லி வீடுகளோ மே மாத வெயிலுக்கு அஞ்சிக் கட்டப்பட்டவை: சில்லிடும் தரை, இடுக்கு விட்ட ஜன்னல். ‘உள்ளூர்க்காரர்கள் சமாளிக்கவில்லையா?’ என்பீர்கள். பழக்கம் பாதி, முறை பாதி: உடலை ஒட்டிய உள்ளுடை, அதன்மேல் ஸ்வெட்டர், இரவுக்கு ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வை, பகலில் மொட்டைமாடி வெயில். அடுக்குகளுக்கிடையே தங்கும் காற்றுதான் உடல் சூட்டைக் காக்கிறது. ஒற்றைக் கோட்டால் அது முடியாது. ‘அறையில் கரி மூட்டினால் தீர்ந்ததே’ என்பது ஆபத்தான யோசனை. மூடிய அறையில் எரியும் அங்கீட்டி என்னும் கரியடுப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு கிளம்பும். வாசனையே இல்லாத அந்த நஞ்சு தூக்கத்திலேயே உயிரைக் குடித்துவிடும். கோட்டுக் காசில் பாதியை ரஜாய்க்கும் கம்பளிக் காலுறைக்கும் ஒதுக்கச் சொல்லுங்கள். அங்கீட்டியோடு கதவடைத்துத் தூங்கவே கூடாதென்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்புங்கள்.