நெத்தலிமேல் பழி வேண்டாம்

கேள்வி (ஸ்கந்தபுரம்): மிதிவெடியில கால் போய்ப் பல வருசம். இப்ப எக்ஸ்ரேயில பார்த்தால் மொட்டைக்கால் தசைக்குள்ள எலும்பு வளந்திருக்காம். வெட்டின இடத்தில முளைக்கிறது எப்பிடி?

பதில்: இப்ப முளைத்ததல்ல ஐயா, அப்போதே முளைத்தது. காயம் பட்ட முதல் சில வாரங்களிலேயே தொடங்கிவிடும் வேலை அது. நீங்கள் மெலிந்து, மொட்டைக்கால் சூம்பி, செயற்கைக்காலின் சொக்கெற் உரசத் தொடங்கிய பிறகே உங்களுக்குத் தெரிந்திருக்கும். எலும்பு உடைந்தால் “இங்கே எலும்பு கட்டு” என்று சொல்லும் புரதங்களை உடம்பு திறந்துவிடும். அக்கராயன் குளத்தைக் கண்மண் தெரியாமல் திறந்தால் தண்ணீர் வரம்புக்குள்ளேயா நிற்கும்? அதுபோல அந்தப் புரதங்களும் பக்கத்துத் தசைக்குப் பாயும். அங்கே சும்மா கிடக்கும் மூல உயிரணுக்கள் கட்டளையை அப்படியே நம்பி, முதலில் குருத்தெலும்பும் பிறகு எலும்புமாகக் கட்டிவிடும். தாயின் வயிற்றில் உங்கள் கால் எலும்பு உருவானதும் இதே முறையில்தான். 1965இல் மார்ஷல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க மருத்துவர், சுண்ணாம்புச் சத்து நீக்கிய எலும்பை விலங்குகளின் தசைக்குள் வைத்தார். தசைக்குள்ளேயே புது எலும்பு வந்தது. உங்களுடையதும் சுண்ணாம்புக் கட்டியல்ல; மச்சை வரைக்கும் உள்ள அசல் எலும்பு.

கேள்வி (கோணாவில்): அப்ப சுண்ணாம்புச் சத்துள்ள பாலையும் நெத்தலியையும் நிப்பாட்டவோ?

பதில்: எதற்கு? வெடி வைத்தது நெத்தலியா? தாராளமாகச் சாப்பிடுங்கள்.

கேள்வி (மல்லாவி): மரத்தால விழுந்து கால் முறிஞ்சவைக்கு இப்பிடி வாறது குறைவு. வெடியில போனவைக்கு மட்டும் ஏன் இவ்வளவு?

பதில்: விழுந்தவருக்கு முறிவு ஓரிடத்தில். வெடி பட்டவருக்குச் சதை நசிந்து, மண்ணும் துணியும் உள்ளே புகுந்து, கிருமி பற்றி, உடம்பு முழுவதும் வாரக்கணக்கில் அழற்சியில் கொதிக்கும். அந்தக் கொதிப்புத்தான் குளத்தைத் திறக்கிறது. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் அவயவம் இழந்த அமெரிக்கப் படையினரிடம் பார்த்தபோது, துண்டித்த அவயவங்களில் 60 வீதத்துக்கு மேற்பட்டவற்றில் இந்த எலும்பு இருந்தது. நசிந்த பகுதிக்கு ஊடாகவே வெட்டினால் வாய்ப்பு இன்னும் கூடும். ஆனால் சத்திரசிகிச்சை நிபுணர் மேலே ஏற்றி வெட்டாமல் விட்டது, முழங்காலைக் காப்பாற்ற. முழங்கால் மிஞ்சியவருக்குத்தான் அதன் அருமை தெரியும். நான் அந்த டொக்டரைக் குறை சொல்லமாட்டேன்.

கேள்வி (மாங்குளம்): அண்ணைக்கு முள்ளந்தண்டில செல் பீஸ். காலில காயமே இல்லை. ஆனால் இடுப்பு மடங்குதில்லை, எலும்பு பிடிச்சிட்டுதாம்.

பதில்: முள்ளந்தண்டு நரம்பு அடிபட்டாலும் இந்த எலும்பு வரும், இடுப்புத்தான் அதற்குப் பிடித்த இடம். முதல் உலகப் போரில் இடுப்புக்குக் கீழ் உணர்விழந்த படையினரிடம் இதைக் கண்டு 1918இல் எழுதியவர்கள் ஒகஸ்ரா தெஜெரின் என்ற பெண் மருத்துவரும் அவருடன் வேலை செய்த செய்யேயும். தொடக்கத்தில் தொடை வீங்கிச் சுடும். இரத்தக்கட்டி என்றோ கிருமி என்றோ எண்ணத் தோன்றும். அண்ணையின் சக்கர நாற்காலியைக் கவனியுங்கள். இடுப்பு மடங்காதவர் ஒருபக்கம் சரிந்தே இருப்பார். அந்தப் பக்கம் படுக்கைப்புண் வரும். எலும்பைவிட அவசரம் அதுதான்.

கேள்வி (புதுக்குடியிருப்பு): தம்பிக்கு எட்டு வயதில கால் போனது. பிறகு ரெண்டு தரம் திரும்ப வெட்டினவை. முதல் டொக்டர் பிழையா வெட்டிப்போட்டாரோ?

பதில்: இல்லை. இது வேறு சங்கதி. வளரும் பிள்ளையின் வெட்டிய எலும்பு, நுனியில் புது எலும்பைக் கட்டிக் கட்டி ஈட்டிபோல் கூர்ந்து, சில வேளை தோலையே குத்திக்கொண்டு வெளியே வரும். மேற்கையிலும் முழங்காலுக்குக் கீழும் கூடுதல். மூட்டோடு பிரித்தெடுத்தால் நுனியில் குருத்தெலும்பு மூடியிருக்கும், இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வெடி மூட்டுப் பார்த்தா வெட்டுகிறது? வளர்ச்சி நின்றதும் இதுவும் நிற்கும்.

கேள்வி (ஸ்கந்தபுரம்): முறிவு நெரிவு வைத்தியரிட்ட எண்ணெய் போட்டு உருவினால் கரையாதோ?

பதில்: எலும்பு எண்ணெயில் கரைந்தால் எல்லாரும் எப்போதோ கரைந்திருப்போம். புதுக் காயத்தில் அழுத்தி உருவுவது உள்ளதையும் கூட்டிவிடக்கூடும்.

கேள்வி (அக்கராயன்): வெட்டி எடுக்கலாமோ? வராமலே தடுத்திருக்கலாமோ?

பதில்: பலருக்கு வெட்டத் தேவையில்லை. காலில் கை வைக்குமுன் சொக்கெற்றில் கை வையுங்கள்: யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையம் போன்ற இடத்தில் காட்டி, குத்தும் இடத்தை விரித்துத் தரச் சொல்லுங்கள். அதற்கும் சரிவராவிட்டால், எலும்பு முற்றிய பிறகு எடுப்பார்கள். தடுக்க இன்டோமெதசின் மாத்திரையும் கதிர்ச் சிகிச்சையும் உண்டு. இடுப்பு மூட்டு மாற்றுபவர்களுக்கு அவை சரி. திறந்த காயமும் இரத்தப்பெருக்குமாகக் கிடப்பவருக்கு அந்த மாத்திரை ஆபத்து. பொருந்தவேண்டிய முறிவையும் பொருந்தவிடாது. 2009இல் இறுதிப் போரின்போது புதுமாத்தளனில் மயக்க மருந்துக்கே வழியில்லை. கதிர்ச் சிகிச்சைக்கு எங்கே போவது?

கேள்வி (பரந்தன்): புற்றுநோயா இருக்குமோ எண்டு பயமா இருக்கு.

பதில்: பயம் நியாயமானது, ஆரம்பத்தில் வைத்தியர்களையே குழப்பும். தசையில் வரும் எலும்பு ஓரத்திலிருந்து உள்நோக்கி முற்றும். எலும்புப் புற்றில் அடர்த்தி பெரும்பாலும் நடுவில். வருசக்கணக்காக ஒரே அளவில் நிற்பது அநேகமாகப் பழைய எலும்புதான். புதிதாகப் பெருத்தால் நாளைக்கே காட்டுங்கள், பழைய எக்ஸ்ரே படத்தையும் கொண்டுபோங்கள். அதை யன்னலில் வெயில் மறைக்க ஒட்டியிருந்தால் கழற்றித் துடைத்துக் கொண்டுபோங்கள்.