பழைய சாமான் பண்டிதர்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையில், சைக்கிளொன்று சக்கரங்கள் ஆகாயத்தை நோக்கத் தலைகீழாய் நிற்க, அருகே மண்ணெண்ணெய்க் கிண்ணமும் கந்தல் துணியுமாய் ஒரு கனவான் குந்தியிருக்கக் கண்டால், அவரே நம் பழைய சாமான் பண்டிதர் என்று நிச்சயித்துக்கொள்ளலாம். புதுச் சாமான் வாங்குவது அவர் மதத்தில் மகாபாதகம். கூலி கொடுத்துப் பழுது பார்ப்பது அதற்கு அடுத்த பாதகம்.

அவருடைய வாகனத்தின் சட்டம், 1949-இல் பிறந்த டி.ஐ. சைக்கிள் கம்பெனியாரின் ஹெர்குலிஸ். அம்மட்டே. ஹாண்டில்பார் ராலியினுடையது, மட்கார்டுகளில் ஒன்று கறுப்பு, மற்றது பச்சை. கடலூரின் உப்புக்காற்றோ எந்த இரும்பையும் நிம்மதியாக இருக்க விடுவதில்லை. ஆகவே மாற்றுச் சாமான் தேடும் படலத்துக்கும் முடிவில்லை.

தேடுமிடம் பெரும்பாலும் சிதம்பரம். 1929-இல் தோன்றிய அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரீட்சைத் தேதிகளை, மாணவர்களின் தகப்பனார்களைவிட ஆவலாக விசாரிப்பவர் இவர்தாம். ஏனெனில் படிப்பு முடிந்து ஊர் திரும்பும் பிள்ளைகள் சைக்கிளைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது அவர் சித்தாந்தம். ஒரு ஜோடிப் பெடலுக்காகப் போய்வரும் பஸ் கட்டணம் பெடலின் விலையையே மிஞ்சிவிடாதா என்று கேட்பது அவிவேகம்: அது அவருடைய நோட்டுப் புத்தகத்தில் சைக்கிள் செலவில் ஏறுவதில்லை, ‘நடராஜர் தரிசனம்’ என்று தர்மக் கணக்கில் ஏறுகிறது. (தரிசனமாவது, கீழ வீதியில் நின்றபடியே, பெடலும் கையுமாகக் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு.)

முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 என்பது பழைய சைக்கிள்களின் விதி. அதை அறிந்தும், மலிவில் மயங்கி, பின் சக்கரத்துக்கென 32 துளை ரிம் ஒன்றை வாங்கி வந்துவிட்டார். முன் சக்கரத்து ரிம்முக்கோ இன்னும் ஆயுள் கெட்டி. ஆகவே அது காலியாகும் வரை புதியது கூடத்து ஆணியில் தொங்குகிறது.

கிராங்கைப் பிரிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் காட்டர்பின்னைச் சுத்தியால் தட்டும் ஓசை தெருக்கோடி வரை கேட்கும். ஒரு பக்கத்துக்குப் பதினொரு குண்டு; துடைத்துத் தட்டில் வைத்து எண்ணினால் எப்போதும் பத்துதான் இருக்கும்.

“ஏங்க, அரிசியில கல்லு பொறுக்குறதுதான் என் வேலைன்னு நெனச்சேன். இப்ப இரும்பும் பொறுக்கணுமா?” என்று முறத்திலிருந்து பதினொன்றாவதை எடுத்து நீட்டுவார் அம்மையார்.

தேய்ந்த பல்லில் புதுச் செயினை மாட்டினால் தாவும். ஆதலால் ஒரு புதுச் சாமான் உள்ளே நுழைந்தால் பழையவை யாவற்றுக்கும் சண்டை மூட்டிவிடும் என்பார் பண்டிதர். இதில் உண்மை இருப்பதுதான் சங்கடம்.

சென்ற மாதம் நான் புதுச் சைக்கிள் வாங்கியதைக் கேள்வியுற்று வந்தவர், டயரைக் கிள்ளிப் பார்த்தார், பெடலைச் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார், பிறகு என்னைத் தனியே அழைத்துப் போய், “இதை எப்ப குடுக்கிறதா உத்தேசம்? முழுசும் வேண்டாங்க. செயினும் ஃப்ரீவீலும் மட்டும், ஜோடி பிரிக்காம, எனக்குன்னு சொல்லி வச்சிருங்க” என்றார்.