பின்னல் ஊசியும் க்ஷேத்திர கணிதமும்

கேள்வி: கலைஞனும் விஞ்ஞானியும் ஒன்றுகூடினால் சாமானிய ஜனங்களும் ஆராய்ச்சிக்கு வந்துவிடுவார்கள் என்கிறார்களே, நடக்கிற காரியமா?

பதில்: 'வாருங்கள்' என்று உபந்நியாசம் செய்தால் வரமாட்டார்கள், கையில் வேலையைக் கொடுத்தால் வருவார்கள். விளிம்பை நோக்கிச் செல்லச் செல்லக் கொசுவம் கொசுவமாய் விரிகின்ற அதிபரவளையத் தளத்தைக் காகிதத்தில் ஒட்டிக் காட்டினால் நைந்துபோகிறதே என்று கணித போதகர்கள் சங்கடப்பட்டுக்கொண்டிருக்க, கார்னெல் சர்வகலாசாலையிலிருந்த டைனா டைமினா என்ற லாட்விய அம்மையார், 1997-இல், நூலும் குரோஷே ஊசியும் எடுத்து, குறித்த இடைவெளியில் ஒவ்வொரு கண்ணியாகக் கூட்டிக்கொண்டே போய், அதைப் பின்னியே முடித்துவிட்டார். பவளங்களின் நெளிவிலும் அவ்வடிவமே இருப்பதால், ஆஸ்திரேலியாவில் பிறந்த மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தீம் சகோதரிகள், 2005-இல் லாஸ் ஏஞ்சலஸில் கம்பளிப் பவளப்பாறை ஒன்றைப் பின்னத் தொடங்கவே, பல தேசங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர், பெரும்பாலும் ஸ்திரீகள், அதில் சேர்ந்தனர். அவர்கள் டைமினாவின் சூத்திரத்தைச் சற்றே மீறிக் கண்ணிகளைக் கூட்டியும் குறைத்தும் பின்னியபோதுதான் அசல் ஜீவராசிகளை ஒத்த உருவங்கள் பிறந்தன. கடல் சூடேறினால் பவளம் வெளுத்துப்போவதையும் வெண்ணிற நூலால் பின்னிக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் க்ஷேத்திர கணிதத்தைக் கண்டு ஓடியவர்களும், வெறும் பின்னல்தானே என்று நம்பி, அதே கணிதத்தின் நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இனி எழுந்து ஓடவும் முடியாது, வேலை பாதியில் நிற்கிறதே!