ஜோக்கர் வராத சிவராத்திரி

ரம்மியில் தோற்றவனுக்கு இந்த நாட்டில் சட்டப் பாதுகாப்பு கிடையாது. ஆந்திர அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் நடந்த வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம்தான் என்று 1967-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டுமாம். எதைப் பிடிப்பது, எதை விடுவது என்று யோசிக்க வேண்டுமாம். மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லையாம். ஜெயித்தவர்கள் கொண்டாடட்டும். “நேரம் சரியில்லை” என்று சொல்லி வீடு திரும்ப எனக்கிருந்த ஒரே வழி அன்றே அடைபட்டது.

போன சிவராத்திரிக்குக் கண் விழிக்க எங்கள் வட்டத்தில் ஒரு ரம்மி டோர்னமெண்ட். (நெய்வேலியில் தெருப் பெயர் சொல்லி வீடு கேட்டால் விழிப்பார்கள், வட்டத்தின் எண்ணைச் சொன்னால் உங்கள் உத்தியோகம் வரை ஊகித்துவிடுவார்கள்.) பணம் இல்லை, பரிசு ஒரு ஹாட் பாக்ஸ். பெங்களூரிலிருந்து லீவில் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் போக்கர் ஆடலாம் என்றான்.

“ரெண்டும் ஒண்ணுதான் மாமா. ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டத்துல ரெண்டையும் சேர்த்துத்தான் அட்டவணையில போட்டாங்க. 2023 நவம்பர்ல ஹைகோர்ட்டும் ரெண்டையும் சேர்த்துத்தான் எடுத்துச்சு. ஒரே ஒரு விஷயம், கையில இருக்கிறது முகத்துல தெரியக் கூடாது.”

அதோடு போக்கர் தள்ளுபடியானது. நைட் ஷிஃப்ட் முடித்து வருகிறவர் கேட்டைத் திறக்கும் சத்தத்திலேயே சுரங்கத்தில் அன்று எந்த மெஷின் நின்றது என்று மனைவிமார் சொல்லிவிடும் ஊர் இது.

101 ஆட்டம், புள்ளி 101-ஐத் தொட்டவர் அவுட். எடுத்ததும் ஸ்கூட் விட்டால் 20, நடுவில் விட்டால் 40, முழுதாக மாட்டினால் 80. இரண்டு கட்டும் இரண்டு பேப்பர் ஜோக்கரும் சேர்ந்து 106 சீட்டு. வெட்டி எடுத்த ஜோக்கரின் ஜாதி எட்டையும் கூட்டினால் மொத்தம் பத்து ஜோக்கர். பதின்மூன்று சீட்டு வாங்குகிறவனுக்குச் சராசரியாக ஒன்றுக்கு மேலேயே வர வேண்டும். கணக்கு அப்படித்தான் சொல்கிறது. எனக்கு வந்ததெல்லாம் பக்கெட் வீல் மெஷின் நாள் முழுக்க வாரிக் கொட்டும் மேல்மண். பழுப்பு நிலக்கரி அத்தனையும் எதிர்வரிசைக்காரர் கையில் இருந்தது.

முதல் கையில் 80. இரண்டாவதில் ஸ்கூட், ஆக 100. நூறில் நிற்பவனுக்கு ஸ்கூட் விடும் உரிமைகூடக் கிடையாது. எது வந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும். வந்தது, என்ன அழகான கை! ஒரிஜினல் ரம்மி பிறவியிலேயே சேர்ந்திருந்தது. ஜோக்கர் மட்டும் வழக்கம்போல இல்லை. எனக்கு முன்னால் சீட்டு இறக்கும் இடத்தில் என் மனைவி. அவள் போட்ட கிளாவர் பத்தை எடுத்து எட்டுக்குப் பக்கத்தில் சொருகினேன். இனி கிளாவர் ஒன்பது வந்தால் டிக்.

வரவில்லை. மூன்று சுற்று கழித்து டிக் அடித்தவள் அவள்தான். விரித்த கையில் இஸ்பேட்டு ஒன்பதுக்கும் ஆட்டின் ஒன்பதுக்கும் நடுவில் கிளாவர் ஒன்பது சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. இன்னொன்று? கட்டைப் புரட்டினேன். ஆகக் கடைசிச் சீட்டு. இதற்கு எந்த நீதிபதி பொறுப்பேற்பார்?

“பத்தை எடுக்கும்போதே உங்க மூஞ்சியைப் பார்த்தேன்” என்றாள். விடிவதற்குள் மற்றவர்களின் மூஞ்சிகளையும் பார்த்து முடித்து, ஹாட் பாக்ஸை எங்கள் வீட்டுக்கே கொண்டு வந்தாள்.

எங்கள் ஊர் நடராஜர் கோயிலில் குறைகளை மனுவாக எழுதிப் பெட்டியில் போட்டு ஆராய்ச்சி மணியை அடிப்பது வழக்கம். விடியற்காலையில் ஒரு வெள்ளைத் தாளோடு கிளம்பினேன்.

“என்னங்க, அது சுப்ரீம் கோர்ட்டே தீர்த்துட்ட கேஸ். சாமியை வம்புல இழுக்காதீங்க” என்றாள். “அடுத்த வருஷம் மூணு சீட்டு ஆடுங்க. அதுல தோத்தா அதிர்ஷ்டம்னு சொல்லிக்கலாம்.”